எலும்பு வைத்தால்தான் இம்ப்ளான்ட்டா? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போன் கிராஃப்ட் பற்றியவை, அதாவது இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் ஸ்க்ரூ ஊன்றி அதன்மேல் கட்டுகிற பல்) போட எலும்பு பத்தாத இடத்தில் எலும்பு சேர்ப்பது. பல் கட்டப் போன இடத்தில் “எலும்பு பத்தாது, எலும்பு வைக்கணும்” என்று சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: டாக்டர், கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை நாலு வருடம் முன்பு எடுத்தேன். ஒருவர் எலும்பு வைத்த பிறகுதான் இம்ப்ளான்ட் என்கிறார். இன்னொருவர் நேராகவே போட்டுவிடலாம் என்கிறார். யாரை நம்புவது? (ஈரோடு)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம் சார். எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் ஓரளவு தெரியும், அகலம் தெரியாது. அதற்குத் தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிற சிபிசிடி ஸ்கேன் வேண்டும்.

கணக்கு இதுதான். கடைவாயில் பொதுவாக 4 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் தடிமனுள்ள ஸ்க்ரூ போடுவோம். அதன் இரு பக்கமும் குறைந்தது ஒன்றரை மி.மீ. எலும்பு நிற்க வேண்டும். ஆக 7 மி.மீ. அகலம் தேவை. அப்புறம் உயரம். கீழ்த்தாடைக்குள் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு ஓடுகிறது. ஸ்க்ரூவின் நுனி அதற்கு 2 மி.மீ. மேலேயே நின்றுவிட வேண்டும். 10 மி.மீ. நீள ஸ்க்ரூ என்றால் 12 மி.மீ. உயரம்.

உங்கள் அகலம் ஐந்தரை என்று வந்திருந்தால், ஒருவர் ஒல்லியான ஸ்க்ரூவோடு முடித்துக்கொள்ள நினைப்பார், மற்றவர் எலும்பைச் சேர்த்துத் தடிமனானதைப் போட நினைப்பார். கடைவாயில் மெல்லுகிற அழுத்தம் அதிகம் என்பதால் நான் இரண்டாவது பக்கம். ஆனால் குறைவது உயரம் மட்டும்தான் என்றால் 6 மி.மீ. குட்டை இம்ப்ளான்ட்டைத்தான் முதலில் யோசிப்பேன். கீழ்த்தாடையில் எலும்பை மேல்நோக்கி வளர்ப்பது எங்கள் வேலையிலேயே படுத்தி எடுக்கிற வேலை.

“எந்தப் பக்கம், எத்தனை மி.மீ. குறைகிறது?” என்று கேளுங்கள். ஸ்கேனைத் திரையில் போட்டு அளந்து காட்டுவார்கள். எண்ணே சொல்லாமல் “எலும்பு வீக்” என்று மட்டும் சொன்னால் இன்னோர் இடத்திலும் காட்டுங்கள்.

கேள்வி: பல் எடுத்தால் எலும்பு ஏன் கரைகிறது? மற்ற எலும்பெல்லாம் அப்படியே இருக்கிறதே? (திருநெல்வேலி)

பதில்: பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு பல்லுக்காகவே உண்டானது. மெல்லும்போது வேர் வழியாக வருகிற அழுத்தம் நின்றதும் உடல் அதை வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று கரைக்கத் தொடங்குகிறது. உதடு, கன்னம் இருக்கிற வெளிப்பக்கச் சுவர்தான் முதலில் போகும். மேல் முன்பற்களில் அந்தச் சுவர் பலருக்கு 1 மி.மீ.கூட இருக்காது. முதல் ஒரு வருடத்தில் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே.

கேள்வி: நாளை மறுநாள் மேல் முன்பல் எடுக்கிறார்கள். எடுத்த குழியில் அப்போதே எலும்பு வைக்கச் சொல்கிறார்கள். அவசியமா? (வேலூர்)

பதில்: அந்த இடத்தில் இம்ப்ளான்ட் போடப் போவது உறுதி என்றால், முன்பல்லுக்கு நான் சரி என்பேன். கரைவதை முழுக்க நிறுத்தாது, குறைக்கும். முன்பக்கம் ஈறு உள்வாங்கினால் பல் நீளமாகத் தெரியும், சிரித்தால் காட்டிக்கொடுத்துவிடும். கடைவாய்ப்பல்லில், சுவர்கள் உடையாமல் எடுத்து இரண்டு மூன்று மாதத்தில் இம்ப்ளான்ட்டும் போடப்போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இம்ப்ளான்ட்டே வேண்டாம், கழற்றி மாட்டுகிற பல் போதும் என்கிறவர் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பல் எடுப்பவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: எலும்பை வெட்டாமல், முடிந்தால் வேரைத் துண்டு போட்டு எடுக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்குகிற எலும்பைவிட இருக்கிற எலும்பு உசத்தி.

கேள்வி: வைக்கிறது மாட்டு எலும்பு என்று கேள்விப்பட்டேன். நாங்கள் சைவம். டாக்டரிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (கும்பகோணம்)

பதில்: கூச்சமே வேண்டாம் அம்மா, இதைக் கேட்கிறவர்கள் நிறைய. கேட்காமல் போய்ப் பிறகு தெரிந்து வருத்தப்பட்டவர்களும் உண்டு.

நான்கு வகை இருக்கிறது. ஒன்று, உங்கள் எலும்பே. கீழ்த்தாடையின் பின்பக்கத்திலிருந்தோ முகவாயிலிருந்தோ சுரண்டி எடுப்பது. உயிருள்ள செல்லோடு வருவது இது ஒன்றுதான், ஆனால் இன்னோர் இடத்திலும் புண் ஆகும். இரண்டாவது, இறந்தவர்கள் தானமாகத் தந்த மனித எலும்பு. திசு வங்கிகளில் பதப்படுத்தித் தருகிறார்கள், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அப்படி ஒரு வங்கி இருக்கிறது. மூன்றாவதுதான் நீங்கள் கேள்விப்பட்டது. மாட்டெலும்பில் உள்ள கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தாதுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். சின்ன சீசாவில் வெள்ளைக் குருணையாக வரும். நான்காவது செயற்கை: ஹைட்ராக்சிஅபடைட், ட்ரை கால்சியம் பாஸ்பேட் என்று கால்சியம் உப்புகள். உங்களுக்கு ஏற்றது இதுதான்.

இங்கே ஒரு விஷயம் தவறிப்போகும். குருணையின் மேல் போர்த்துகிற மெம்பரேன் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டுக் கொலாஜன். ஈறின் செல்கள் எலும்பைவிட வேகமாக வளர்ந்து குழிக்குள் புகுந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்தத் திரை. ஆகவே “எலும்பு செயற்கையா?” என்று கேட்பதோடு “மெம்பரேன் எது?” என்றும் கேளுங்கள். இஸ்லாமிய நண்பர்களும் இதைக் கவனியுங்கள். விலங்குப் பொருள் இல்லாத மெம்பரேனும் கிடைக்கிறது. சீசாவோடு வருகிற லேபிள் ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், எது வைத்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: மேல் கடைவாயில் சைனஸ் லிஃப்ட் பண்ணணுமாம். மூக்கில் ஏன் கை வைக்கிறார்கள்? (சேலம்)

பதில்: மூக்கில் இல்லை, கன்னத்து எலும்புக்குப் பின்னால் இருக்கிற காற்றறையில். மேல் கடைவாய்ப்பற்களுக்கு நேர் மேலே அது இருக்கிறது. பல் போனபின் கீழிருந்து எலும்பு கரைய, மேலிருந்து அந்த அறை கீழே இறங்க, நடுவில் 3, 4 மி.மீ. மட்டும் மிஞ்சும். அறையின் அடியில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதைக் கிழிக்காமல் தூக்கி, கீழே எலும்புக் குருணையை நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். ஐந்தாறு மி.மீ. இருந்தால் ஸ்க்ரூ போடுகிற துளை வழியாகவே தூக்கலாம், அன்றைக்கே இம்ப்ளான்ட்டும் போட்டுவிடலாம். அதற்கும் குறைவென்றால் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் திறந்து செய்வோம், பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை காத்திருப்பு.

முடிந்தபின் சில வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா வேண்டாம். விமானப் பயணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நாள்பட்ட சைனஸ் தொல்லை இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எலும்பு வைத்து நாலு நாள் ஆகிறது. வாயில் வெள்ளையாகத் துகள் வருகிறது. எல்லாம் கொட்டிப்போகிறதா? (புதுச்சேரி)

பதில்: ரவை போல நாலைந்து வந்தால் பயப்பட வேண்டாம், மேலோட்டமாக இருந்தது உதிர்கிறது. நாக்கால் தடவிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள், வேகமாகக் கொப்பளிக்கவும் வேண்டாம். தையல் பிரிந்து உள்ளே குருணை தெரிகிறது, கெட்ட வாடை, சீழ், மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறுகிற வீக்கம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறோம். இம்ப்ளான்ட் போடலாமா? (கோவை)

பதில்: இந்த ஊசியைப் பல் டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், “அது எலும்புக்குப் போடுறது, பல்லுக்கு என்ன சம்பந்தம்” என்று. சம்பந்தம் இருக்கிறது. ஆறு மாத ஊசி என்றால் அநேகமாக டெனோசுமாப். வருடத்துக்கு ஒருமுறை ஏற்றுவது சோலெட்ரானிக் அமிலம், வாரம் ஒரு மாத்திரை என்றால் அலெண்ட்ரோனேட். இந்த வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடையில் கத்தி வைத்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கிற அளவில் அந்த ஆபத்து குறைவு. புற்றுநோய்க்காக அதிக அளவில் போடுகிறவர்களுக்குப் பல மடங்கு கூடுதல், அவர்களுக்கு இம்ப்ளான்ட் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்.

நீங்களாக ஊசியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். டெனோசுமாப்பைச் சட்டென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறிகிற ஆபத்து இருக்கிறது. ஊசி எழுதிய டாக்டரும் பல் டாக்டரும் பேசி நாள் குறிக்கட்டும். அம்மாவுக்குப் பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால் அவற்றைத் தூணாக வைத்து பிரிட்ஜ் கட்டிவிடலாமே?

கேள்வி: சுகர் இருக்கிறது, பீடியும் உண்டு. (ராமநாதபுரம்)

பதில்: சுகர் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி ஏழையொட்டி வரட்டும், பிறகு செய்துகொள்ளலாம். பீடிதான் எனக்குக் கவலை. ரத்த ஓட்டம் குறைந்தால் வைத்த எலும்புக்கு உயிர் வராது. விட முடியாது என்றால் கிராஃப்ட்டுக்குப் பணம் போடாதீர்கள் அண்ணே.

கேள்வி: என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி வைப்பார்களாம், அதற்குத் தனிக் கட்டணம். வேண்டுமா? (சென்னை)

பதில்: பிஆர்எஃப் என்பார்கள். ரத்தம் உறைந்து வருகிற ஜெல் மாதிரியான ஃபைப்ரின். ஈறு சீக்கிரம் ஆற உதவும், குருணையை ஒன்றாகப் பிடித்து வைக்கவும் வசதி. இது மட்டுமே எலும்பை வளர்த்துவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கட்டணம் சிறிதாக இருந்தால் செய்துகொள்ளுங்கள், பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74. இருபது வருடமாகப் பல்செட். எலும்பே இல்லை, இடுப்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வயதில் தாங்குமா? (யாழ்ப்பாணம்)

பதில்: இடுப்பெலும்பு எடுப்பது மயக்க மருந்து கொடுத்து மருத்துவமனையில் செய்கிற அறுவை. பிறகு சில வாரம் நடப்பதே சிரமம். அதற்கு முன் வேறு வழிகளைக் கேளுங்கள். தாடையின் முன்பகுதியில் எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். கீழே அங்கு இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் போட்டு, பல்செட்டை அதன்மேல் பட்டன் மாதிரி மாட்டிவிட்டால் ஆடாது. பின்பக்க ஸ்க்ரூக்களைச் சாய்த்துப் போட்டு நான்கிலேயே முழு வரிசையைத் தாங்குகிற முறையும் இருக்கிறது. மேல்தாடைக்குக் கன்ன எலும்பில் ஊன்றுகிற நீள ஸ்க்ரூக்கள் உண்டு, அதற்குப் பழகிய கை வேண்டும். அப்பாவுக்கு இப்போதைய தொல்லை கீழ்ப் பல்செட் ஆடுவது மட்டும்தான் என்றால், அந்த இரண்டு இம்ப்ளான்ட் போதுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.