சொத்தை இல்லாத பல்லுக்கு சீலன்ட் எதற்கு?

கேள்வி: "என் மகளுக்கு ஆறரை வயது. பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, புதிதாக முளைத்திருக்கும் கடைவாய்ப் பற்களுக்கு சீலன்ட் போட்டுவிடலாம், கூடவே ஃப்ளூரைடு வார்னிஷும் பூசலாம் என்றார் பல் டாக்டர். சொத்தையே இல்லாத பல்லுக்கு எதற்கு வைத்தியம், அதுவும் கெமிக்கல் என்று வீட்டில் தயங்குகிறார்கள். மூன்று வயது மகனுக்கு மேல் முன்பற்களில் ஈறு ஓரமாகப் பழுப்பு நிறம் தெரிகிறது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடலாமா?"

பதில்:

மகளுக்குப் போடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். மகனை அப்படியே விட்டுவிடக் கூடாது, சொல்லப்போனால் மகளைவிட அவனைத்தான் முதலில் காட்ட வேண்டும். நீங்கள் மகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆறு வயதையொட்டி வாயின் நான்கு மூலைகளிலும், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், ஒரு புதிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. இதற்காக எந்தப் பல்லும் ஆடி விழுவதில்லை, அதனால் பல வீடுகளில் இது முளைப்பதே தெரியாது, தெரிந்தாலும் இதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இது நிலைப் பல். இது போனால் அந்த இடத்தில் வேறு முளைக்காது. ஈறிலிருந்து தலைகாட்டிய பிறகு எதிர்ப்பல்லைத் தொடும் உயரத்துக்கு வளர இதற்குப் பல மாதங்கள், சில பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலும்கூட ஆகும். அத்தனை நாளும் பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்ந்து நிற்பதால், பிரஷ் மேலாகப் போய்விடும், இந்தப் பல்லைத் தொடாது. புதுப் பல்லின் எனாமலும் அப்போது முழுதாக உறுதிப்பட்டிருக்காது. உமிழ்நீரில் இருக்கும் தாதுக்களை வாங்கிக்கொண்டுதான் போகப்போக இறுகும். ஆக, பல் மிகவும் பலவீனமாக இருக்கும் காலமும் அதைச் சுத்தம் செய்ய மிகவும் கடினமான காலமும் ஒன்றாக வந்து சேருகின்றன.

இதற்கு மேல் அந்தப் பல்லின் அமைப்பே ஒரு பிரச்சினை. மெல்லும் பரப்பில் ஆழமான பிளவுகள் ஓடுகின்றன. அவற்றில் பல, பிரஷ்ஷின் ஒரு இழையைவிடக் குறுகலானவை. எவ்வளவு நல்ல பிரஷ் வாங்கினாலும், நீங்களே நின்று தேய்த்துவிட்டாலும், இழை அடிவரை போகாது. உள்ளே தங்கும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் பாக்டீரியா அமிலமாக்க, அந்த அமிலம் அங்கேயே நின்று எனாமலைக் கரைக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளின் நிலைப் பற்களில் வரும் சொத்தையில் பத்தில் ஒன்பது பங்கு பின்பற்களின் இந்தப் பிளவுகளில்தான் வருகிறது. "நாங்கள் ஒழுங்காகத்தான் தேய்க்கிறோம், இருந்தும் சொத்தை வந்துவிட்டதே" என்று வருத்தப்படும் பெற்றோர் எத்தனையோ பேர். பல நேரம் அவர்கள் மேல் தப்பே இல்லை.

அந்தப் பிளவை அடைத்துவிடும் மெல்லிய பூச்சுதான் சீலன்ட். எப்படிப் போடுவார்கள் என்று தெரிந்தால் வீட்டில் பாதி பயம் போய்விடும். ஊசி கிடையாது, டிரில் கிடையாது, வலியும் கிடையாது. பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து உமிழ்நீர் படாமல் காப்பாற்றி, மெல்லும் பரப்பில் ஒரு ஜெல்லை அரை நிமிடத்துக்குள் வைத்துக் கழுவுவார்கள். அது பாஸ்பாரிக் அமில ஜெல். எனாமலின் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கும். உலர்த்தியதும் அந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அதன் மேல் ரெசின் என்ற, பிளாஸ்டிக் போல இறுகும் திரவத்தைப் பிளவுக்குள் ஓடவிட்டு, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள்தான். அமிலம் வைத்து எனாமலில் ரெசினைப் பிடிக்க வைக்கலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர் காட்டியது 1955இல், எனவே இது நேற்று வந்த சோதனை முயற்சி இல்லை.

இதில் ஒரே எதிரி ஈரம். வைக்கும்போது எச்சில் பட்டுவிட்டால் பிடிக்காது, சில மாதங்களில் பெயர்ந்துவிடும். அதனால்தான் பல் பாதி முளைத்து, ஈறு இன்னும் மேலே மூடிக்கொண்டிருந்தால், அல்லது பிள்ளை வாயைத் திறந்து வைக்க மறுத்தால், டாக்டர் ரெசினுக்குப் பதில் கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு பொருளை வைப்பார். அது ஈரத்தைத் தாங்கும், ஃப்ளூரைடையும் கொஞ்சம் கொஞ்சமாக விடும், ஆனால் ரெசின் அளவுக்கு நீடிக்காது. பல் முழுதாக மேலே வந்தபின் ரெசின் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு எதை வைக்கப் போகிறார்கள், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

பலன் எவ்வளவு? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு: பின்பற்களில் வரக்கூடிய சொத்தையில் 80 சதவீதத்தை முதல் இரண்டு வருடங்களுக்கும், 50 சதவீதத்தை நான்கு வருடங்கள் வரையிலும் சீலன்ட் தடுக்கிறது. இவ்வளவு சின்ன வேலைக்கு இது பெரிய பலன். ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும்போது முழுதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், ஓரம் பெயர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப நிரப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வயதையொட்டி அடுத்த கடைவாய்ப் பல் முளைக்கும்போது இதே வேலையை அங்கேயும் செய்ய வேண்டும்.

"உள்ளே சொத்தை இருந்து அதன் மேல் மூடிவிட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். குழி விழாத ஆரம்ப நிலைச் சொத்தையாக இருந்தால், நன்றாக மூடியபின் பாக்டீரியாவுக்கு உணவு போகாமல் அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. குழி விழுந்திருந்தால் சீலன்ட் போதாது, ஃபில்லிங்தான். அதைப் பார்த்து முடிவு செய்யத்தான் டாக்டர் இருக்கிறார்.

கெமிக்கல் பயம் பெரும்பாலும் பிபிஏ (பிஸ்பீனால்-ஏ) என்ற, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பொருளைப் பற்றியதாக இருக்கும். சில ரெசின் சீலன்ட்களிலிருந்து வைத்த கொஞ்ச நேரத்துக்கு அது மிக மிகச் சிறிய அளவில் உமிழ்நீரில் வரலாம், பிறகு நின்றுவிடும். இறுகியதும் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து, வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னால் அதுவும் குறைந்துவிடும். அந்தச் சிறு அளவுக்குப் பயந்து ஒரு நிலைப் பல்லைச் சொத்தைக்குக் கொடுப்பது சரியான கணக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வார்னிஷ். சீலன்ட் பிளவை மூடுகிறது, வார்னிஷ் பல்லின் எல்லாப் பக்கத்தையும் உறுதிப்படுத்துகிறது, ஆகவே இரண்டும் ஒரே வேலை செய்வதில்லை. வழக்கமாக வைப்பது 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு. தூரிகையால் பூசியதும் எச்சில் பட்டு இறுகி, சில மணி நேரம் ஒட்டியிருந்து ஃப்ளூரைடைக் கொடுக்கும். அமிலத்தில் கரையத் தொடங்கிய எனாமல் தாதுக்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள இது உதவுகிறது, அப்படி மறுபடி கட்டப்படும் எனாமல் அடுத்த அமிலத் தாக்குதலை முன்னைவிட நன்றாகத் தாங்கும். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வார்னிஷ் பூசிய பிள்ளைகளுக்குச் சொத்தை பாதித்த பரப்பு நிலைப் பற்களில் சராசரியாக 43 சதவீதமும் பால் பற்களில் 37 சதவீதமும் குறைந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், சொத்தை அதிகம் வரும் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பூசிய அன்று சூடானதும் கடினமானதும் வேண்டாம், பிரஷ் எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மறுநாள் காலை என்பார்கள். பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியலாம், தேய்த்தால் போய்விடும். பைன் மரப் பிசினுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, ஆஸ்துமாவுக்காகப் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்ததுண்டு என்றாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏதாவது ஒன்றுதான் முடியும் என்றால்? பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் இதே கடைவாய்ப் பற்களில் சீலன்டையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசும் வார்னிஷையும் மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதனால் சீலன்ட் வைக்க உட்காராத பிள்ளைக்கு வார்னிஷ் ஒன்றும் இரண்டாந்தர வழி அல்ல. ஆனால் ஆறு மாதம் தவறாமல் போக வேண்டும், அங்கேதான் பல குடும்பங்களில் விட்டுப்போகிறது. போக்குவரத்து, பள்ளி, வேலை என்று தள்ளிப்போகும் வீடு என்றால் நான் சீலன்டைத்தான் சொல்வேன்.

ஃப்ளூரைடு அதிகமானால் பல்லில் வெள்ளைத் திட்டு, கறை வருமே என்றால், அது பல் ஈறுக்குள் உருவாகும் வருடங்களில் தினமும் அதிகமாக விழுங்குவதால் வருவது. வருடத்தில் சில முறை பூசும் வார்னிஷ் அதற்குக் காரணமாவதில்லை. கவனிக்க வேண்டியது தினசரிப் பற்பசையின் அளவு: மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. பற்பசையில் குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடு இருக்க வேண்டும். தேய்த்தபின் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்க வேண்டாம், கொஞ்சம் ஒட்டியிருப்பதுதான் நல்லது. குடிநீரில் ஃப்ளூரைடு ஏற்கெனவே அதிகம் உள்ள பகுதியில் நீங்கள் இருந்தால் (உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்) டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் இரவு தேய்க்காமல் படுத்தால் பலன் பாதியாகிவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு, அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அப்புறம், இனிப்பின் அளவைவிட எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பதுதான் பெரிய விஷயம். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதைவிட சாப்பாட்டோடு ஒரேயடியாகச் சாப்பிடுவது பல்லுக்கு நல்லது. சீலன்ட் பல்லிடுக்கைக் காப்பாற்றாது, ஒட்டி நிற்கும் பற்களுக்கு நடுவே ஃபிளாஸ் வேண்டும். ஏழெட்டு வயது வரை இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள், அந்தத் தாழ்ந்த புதுப் பல்லுக்கு மட்டும் பிரஷ்ஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்காக வைத்துத் தேய்க்க வேண்டும்.

மகனுக்கு வருகிறேன். ஈறு ஓரமாக முன்பற்களில் வருவது சிறு பிள்ளைச் சொத்தையின் வழக்கமான தொடக்கம். முதலில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்த நிலையில் வார்னிஷும் பற்பசையும் சேர்ந்து திருப்பிவிட முடியும். பழுப்பு என்றால் அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்குகிறான் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். பால் பல்தானே என்று நினைக்காதீர்கள்: பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை, சீக்கிரம் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து நிலைப் பல் வரும் இடத்தை அடைத்துவிடும், வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகும் பல்லையும் கெடுக்கும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு டிரில் இல்லாமல் சொத்தையை நிறுத்த ஒரு வழி இருக்கிறது, சில்வர் டையமைன் ஃப்ளூரைடு. ஒரு துளியைச் சொத்தையில் தடவினால் போதும், பாக்டீரியாவைக் கொன்று அந்த இடத்தை இறுக வைக்கும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சொத்தையான பகுதி நிரந்தரமாகக் கருத்துவிடும், முன்பல்லில் அது பளிச்சென்று தெரியும். பெற்றோருக்கு அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பவன் நான். பிறகு மேலே வெள்ளை நிறப் பொருளால் மூடிக்கொள்ளலாம், அல்லது பல் விழும்வரை கறுப்போடு இருக்கலாம். இரண்டும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையைவிட எளிது. வருடத்துக்கு இரண்டு முறை தடவினால் ஒரு முறையைவிட நன்றாக நிற்கும். வெள்ளி ஒவ்வாமை இருந்தால் கூடாது.

மகளுக்கு சீலன்ட் போடும் அதே நாளில், முதலில் மகனைக் காட்டிவிடுங்கள். ஆனால் அதற்குள் அவனுக்கு ஈறில் கொப்புளம், முக வீக்கம், காய்ச்சல், அல்லது இரவில் எழுப்பும் வலி வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.