டோக்கியோவில் இட்லி: அரிசியை மாற்றுங்கள்

ஜப்பான் அரிசியில் அரைத்தால் இட்லி பசைபோல் ஒட்டுகிறது, மாவும் பொங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. அந்த அரிசியில் அமைலோஸ், அதாவது சோற்றை ஒட்டாமல் உதிரியாக வைக்கும் மாவுச்சத்து, குறைவு; வெந்ததும் ஒட்டத்தான் செய்யும். சோற்றுக்கு அருமை, இட்லிக்கு ஆகாது. டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. இட்லி அரிசி இல்லையென்றால் இட்லி ரவை வாங்குங்கள். ஒரு பங்கு உளுந்துக்கு இரண்டு பங்கு ரவை.

அப்புறம் குளிர். வீட்டில் கொதாட்சு, அதுதான் அடியில் ஹீட்டர் வைத்து, சுற்றிலும் போர்வை போர்த்திய அந்தத் தாழ்வான மேசை, இருக்கிறதா? மாவுப் பாத்திரத்தை ஹீட்டரிலிருந்து தள்ளி, போர்வைக்குள் ஓரமாக வையுங்கள். படுக்கும்போது அணைத்துவிடுங்கள், போர்வை சூட்டைப் பிடித்துவைக்கும். போன ஜனவரியில் காலையில் போர்வையைத் தூக்கினேன், மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நின்றது. அந்தப் புளித்த வாசனைக்கே மனசு நிறைந்துவிட்டது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.