பிராசசர் கொதிக்குதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெயில் ஏறினாலே எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான்: கம்ப்யூட்டர் சூடாகிறது, என்ன வாங்கட்டும்? வாங்குவதற்கு முன் சூடு எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்று பாருங்கள். பிராசசரிலிருந்து பேஸ்ட்டுக்கு (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும், சூட்டைக் கடத்தும் பசை), அங்கிருந்து கூலருக்கு, அப்புறம் பெட்டிக்கு வெளியே, கடைசியில் அறைக்கு வெளியே. இந்தப் பாதையில் எங்கோ ஓர் இடம் அடைத்திருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பாதி நேரம் செலவே இருக்காது.

கேள்வி: அண்ணே, என்னோடது இன்டெல் ஐ5-12400, கூடவே வந்த கூலர்தான். வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ கேம் ஓடும்போது 96 டிகிரி காட்டுது. வீடியோவுல இதே பிராசசர் 70-லதான் நிக்குது. வாட்டர் கூலர் போட்டுடலாமா? (செந்தூல்)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அந்த வீடியோக்காரர் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதித்திருப்பார், நம்ம பிளாட்டில் மதியம் அறையே 32. கூலர் ஃபேன் ஊதுவது அறைக் காற்றைத்தானே, அதனால் அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அதே 10 கூடும், ஆக அவருடைய 70 உங்களுக்கு 80 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு குறையே இல்லை. மீதி 16 டிகிரிதான் நாம் தேட வேண்டியது. பயப்படவும் வேண்டாம், இந்த பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்குமே தவிர எரிந்து போகாது.

பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஓர் இலவச மென்பொருளில் எண்ணைக் கவனியுங்கள். எட்டு, பத்து டிகிரி இறங்கினால் குற்றம் கூலரில் இல்லை, பெட்டிக்குள் காற்று போதவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டியாக இருக்கலாம், தூசி வலை அடைத்திருக்கலாம், இல்லை மேசைக்குக் கீழே சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருப்பீர்கள். முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால் போதும், லோ யாட்டில் ஏறி இறங்கினால் குறைந்த விலையிலேயே கிடைக்கும்.

மூடியைத் திறந்தும் எண் அசையவில்லையா? அப்போது கூலரில் தூசி அல்லது காய்ந்த பேஸ்ட். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் போடுங்கள். கூடவே பயாஸையும் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) பாருங்கள்: இந்த பிராசசருக்கு இன்டெல் சொல்லும் அளவு 65 வாட், வேகம் எடுக்கும்போது 117 வாட். பல மதர்போர்டுகள் அந்த உச்ச அளவை நேர வரம்பில்லாமல் ஓட விட்டுவிடுகின்றன, நீண்ட நேரத்துக்கான வாட் வரம்பை நீங்களே 65 என்று வைத்துவிட்டால் கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது, சூடு நன்றாகக் குறையும். இத்தனைக்கும் பிறகு 90-க்கு மேலேயே நின்றால் ஒற்றை ஃபேன் டவர் கூலர் வாங்குங்கள், ஐ5-க்கு அது தாராளம். வாட்டர் கூலராலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது, பழுதாக ஒரு பம்ப்தான் கூடுதல்.

கேள்வி: நானே கூலரைக் கழற்றி பேஸ்ட் மாத்தினேன். இப்போ ஆன் பண்ணின ஒரு நிமிஷத்துலயே 100 டிகிரி! பிராசசர் போயிடுச்சா? (பட்டர்வொர்த்)

போகவில்லை, கூலர் சரியாக உட்காரவில்லை. ஒரு நிமிஷத்தில் ஏறுவது தூசியின் வேலை கிடையாது. உடனே அணைத்துவிடுங்கள். இன்டெல் கூலரில் நாலு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும், அதில் ஒன்று மேலே நிற்கும், பார்ப்பதற்கு எல்லாம் இறங்கிய மாதிரியே தெரியும். கால்களின் தலையில் இருக்கும் அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கழலும், ஆகவே மாட்டுவதற்கு முன் நாலையும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலையாக ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மதர்போர்டின் பின்பக்கத்தையும் பார்த்து நாலு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒருமுறை தூக்கிய கூலரைப் பழைய பேஸ்ட்டோடு திரும்ப வைக்காதீர்கள், 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும், அழுத்தத்திலேயே பரவிக்கொள்ளும். புதுக் கூலராக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? ஃபேன் வயர், சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தானே இருக்கிறது?

இதைப் படிக்கும் ரைசன் 5000 வரையிலான ஏஎம்4 (ஏஎம்டி பிராசசரை மாட்டும் சாக்கெட் வகை) ஆட்களுக்கு: உங்கள் பிராசசரின் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டால் கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசி வளையும். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள்.

கேள்வி: ஏர்கோன் அறையில வெச்சா உள்ளே தண்ணி கோத்துக்குமா?

கோக்காது. ஓடும் கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாகவே இருக்கும்.

கேள்வி: சார், எங்க வீட்டுல பெட்டி சாமி மேடை பக்கத்துல இருக்கு. உள்ளே தூசி பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டிருக்கு, பிரஷ்ஷுக்கே வரல. வேக்குவம் போடலாமா? (ஜார்ஜ்டவுன்)

வேண்டாங்க அக்கா, வேக்குவத்தில் உருவாகும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். சாம்பிராணி, ஊதுபத்திப் புகையோடு தாளிக்கிற எண்ணெயும் சேர்ந்தால் தூசி பசையாகிவிடும், ஊதினாலும் போகாது. கூலரைக் கழற்றி, ஃபேனைத் தனியாக எடுத்துவிட்டு, வெறும் உலோகப் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபேன் இறக்கைகளை ஆல்கஹால் துணியால் துடைத்தால் போதும். மற்ற இடங்களுக்கு ஊதுகருவி, ஆனால் ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியை மேடையிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி வையுங்கள். உங்கள் மாதிரி வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் தேவை, புகைமூட்டம் வந்துபோனால் அதற்குப் பிறகும் ஒருமுறை.

கேள்வி: ரைசன் 5 7600எக்ஸ். வீடியோ ரெண்டர் பண்ணினா எப்பவும் 95. கடைக்காரர் நார்மல்னு சொல்றார், நம்பலாமா? (கிள்ளான்)

நம்பலாம். 95 வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் ஏஎம்டி அந்த வரிசையை வடிவமைத்திருக்கிறது. மனசு கேட்கவில்லையா, பயாஸில் ஈகோ மோடு (மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் அமைப்பு) 65 வாட் போடுங்கள்.

கேள்வி: மதியத்துல திடீர் திடீர்னு ஆஃப் ஆகுது. சூடு பார்த்தா 65-தான். பேஸ்ட் மாத்தணுமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

வேண்டாம். சூட்டினால் அணையும் பிராசசர் அதற்கு முன்பே 100-ஐத் தொட்டு வேகம் குறைந்து காட்டும், 65-ல் சட்டென்று அணையாது. என் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான். முதலில் வேறொரு சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பாருங்கள். அதற்கும் அணைந்தால் கடைக்குக் கொண்டுபோய் வேறொரு பவர் சப்ளையை மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக அதை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.