இசைத் தத்துவம் எங்கே படிப்பது?

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம் என் ஊர். ஈரோட்டில் கணிதம் முடித்து இப்போது தத்துவம் எம்.ஏ. படிக்கிறேன். சிறு வயதிலிருந்து வயலின் கற்கிறேன். வெளிநாட்டில் இசைத் தத்துவத்தில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. பீட்டர் கிவி, ஜெரால்ட் லெவின்சன், ரோஜர் ஸ்க்ரூட்டன் ஆகியோரை வாசித்திருக்கிறேன். தரவரிசைப் பட்டியலின் முதல் இருபது இடங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். “இதப் படிச்சு என்ன வேல கெடைக்குங் கண்ணு?” என்கிறார் அப்பா. எப்படித் தேர்வு செய்வது?

ச.

அன்புள்ள ச.,

தரவரிசையை ஓரமாக வையுங்கள். அது தத்துவத் துறை முழுமைக்குமானது. இசையைப் பற்றி எழுதுபவர் ஒரு துறையில் ஒருவர் இருந்தாலே பெரிது. நீங்கள் வாசித்தவர்களையே பாருங்கள்: அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கிவி 2017இல் மறைந்தார், ஸ்க்ரூட்டன் 2020இல். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த லெவின்சன் ஓய்வு பெற்றுவிட்டார். இசைத் தத்துவம் அடங்கும் அழகியலுக்கு ஆய்வு மையம் வைத்திருந்த பிரிட்டனின் கெண்ட் பல்கலைக்கழகம் 2024இல் தத்துவப் படிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. இன்று முக்கியமாக எழுதுபவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கேனியா இருக்கும் ட்ரினிட்டி பல்கலைக்கழகத்தில் தத்துவ முனைவர் படிப்பு கிடையாது. ஆகவே, அழகியல் ஆய்விதழ்களில் அண்மையில் இசை பற்றி எழுதியவர்கள் யார், எங்கே கற்பிக்கிறார்கள் என்று தேடுங்கள். புதிய மாணவரை எடுக்கிறாரா என்று அவரிடமே சுருக்கமாக எழுதிக் கேட்கலாம்.

அமெரிக்காவின் நல்ல தத்துவ முனைவர் படிப்புகள் பெரும்பாலும் கட்டணத்தை விலக்கி உதவித்தொகையும் தருகின்றன. ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். கையில் எம்.ஏ. இருக்கும்போது அதற்காகத் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டாம்.

அப்பா கேட்பது நியாயம். அழகியலுக்கென்றே வரும் ஆசிரியப் பணியிடங்கள் மிகக் குறைவு. மனத்தின் தத்துவமோ, எவை உள்ளன, எப்படி உள்ளன என்று கேட்கும் இருப்பியலோ வலுவாக உள்ள துறைக்குப் போனால் அதையும் அழகியலையும் கற்பிக்கத் தகுதி பெறுவீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் உங்கள் கேள்வி என்ன? கடிதத்தில் யாரை வாசித்தீர்கள் என்று இருக்கிறது, எது உங்களை உறுத்துகிறது என்று இல்லை. விண்ணப்பத்தில் மிக முக்கியமானது நீங்கள் எழுதி அனுப்பும் மாதிரிக் கட்டுரைதான். கேள்வி இல்லாமல் அதை எழுத முடியாது.

உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. ஒரு சுரம் பிசகினாலும் அது அந்தப் படைப்பின் நிகழ்த்துதல் ஆகாது என்று 1968இல் வாதிட்டார் அமெரிக்கத் தத்துவர் நெல்சன் குட்மன். எழுதி வைத்த இசைக்குறிப்பை நம்பி நிற்கும் வாதம் அது. காங்கேயம் வட்டாரத்தில் 1965இல் மானிடவியலர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்த, கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை இதன் எதிரே வைத்துப் பாருங்கள். உடுக்கை அடித்துப் பாடுபவர் ஓரிடத்தை இன்று நீட்டுவார், நாளை சுருக்குவார். கேட்டிருக்கும் சனம் அதை வேறு கதை என்று சொல்வதில்லை. அப்படியென்றால் அங்கே ‘அதே’ என்பது எது? இசைப் ‘படைப்பு’ என்ற கருத்தே ஐரோப்பாவில் 1800 வாக்கில்தான் ஆட்சிக்கு வந்தது என்கிறார் இசைத் தத்துவர் லிடியா கோயர். நம் சிலப்பதிகார அரங்கேற்று காதையோ இசையோன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் உரிய தகுதியைச் சொல்கிறது. படைப்பை விட்டு ஆளை வரையறுக்கிற அழகியல் இது என்றே நான் வாசிக்கிறேன். அதற்கு விரிவான உரை தந்த அடியார்க்கு நல்லாரும் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பது மரபு. கணிதம் படித்த, வயலின் வாசிக்கிற நீங்கள் இதை எழுத வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

இருபது பக்கத்துக்குள் எழுதுங்கள். எழுதியபின், அதோடு மல்லுக்கட்டக்கூடிய ஆசிரியர்கள் யார் என்று தேடினால் உங்கள் பட்டியல் ஏழெட்டு இடங்களாகச் சுருங்கிவிடும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் முடியும். ஆடிக்குள் முதல் வரைவை அனுப்பினால் வாசித்து எழுதுகிறேன்.