தியாகமாம், தியாகம்!

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானுக்காக அவர் மனைவி கிளாரா தன் இசையையே தியாகம் செய்துவிட்டாராமே?

பதில்: இந்தத் தியாகப் பட்டத்தோடு நான் இதே பக்கத்தில் பல தடவை மல்லுக்கு நின்றிருக்கிறேன். நேரமும் இடமும் கொடுக்காமல் ஒரு பெண்ணின் வேலையை முடக்கிவிட்டு, தியாகம் என்று மாலை போட்டுவிடுகிறோம். அப்புறம் யாரும் காரணம் கேட்பதில்லை.

கிளாரா 1819இல் லைப்சிக்கில் பிறந்தவர். ஒன்பது வயதில் அந்த ஊரின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கமான கெவாண்ட்ஹவுஸில் மேடை ஏறினார். பதினாறு வயதில், தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை (தனி வாத்தியத்துக்கு இசைக்குழு துணை வரும் படைப்பு) அங்கேயே வாசித்தார்; இசைக்குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன். அப்பா ஃப்ரீட்ரிக் வீக் தான் குரு. மகளின் டைரியை, மகளே எழுதுவது போல ‘நான்’ என்று போட்டு அவர் எழுதிவந்தார்! பிள்ளையை டிவி மேடையில் நிறுத்திவிட்டுப் பேட்டியைத் தாங்களே கொடுக்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் தீரவே தீராது.

அப்பாவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, 1840 செப்டம்பர் 12 அன்று ராபர்ட்டோடு கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது. அப்புறம் எட்டுப் பிள்ளைகள். ராபர்ட் எழுத உட்கார்ந்தால் வீட்டில் பியானோ சத்தம் கேட்கக் கூடாது. கிளாராவின் சாதகம் நின்றுவிடும். பிற்பாடு டூசல்டார்ஃப் நகரில் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே கிளாராவின் பியானோ தனி மாடியில்; சத்தம் ராபர்ட்டுக்கு எட்டாது. 1853 கோடையில், ஒரே மெட்டைப் பலவிதமாக மாற்றிக் காட்டும் வேரியேஷன்கள், பியானோவுக்கு ரொமான்ஸ் எனப்படும் உருக்கமான சிறு இசைத் துண்டுகள் மூன்று, வயலினும் பியானோவுமாக இன்னும் மூன்று, கூடவே ஆறு பாட்டுகள் என்று எழுதித் தள்ளினார். ஒரு தனி அறை கிடைத்ததும் வந்தது இவ்வளவு. அதற்கு முந்தைய மௌனத்தைத் தியாகம் என்கிறீர்களா?

1854 பிப்ரவரியில் ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி, பான் நகருக்குப் பக்கத்தில் எண்டெனிஷ் மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1856இல் அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் கிளாரா அவரைப் பார்க்க முடிந்தது. இதற்கு நடுவில் 1854 ஜூனில் கடைசிப் பிள்ளை பிறந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். குடும்பம் அவர் சம்பாத்தியத்தில் ஓடியது. பிற்பாடு பிராங்பர்ட் ஹோக் இசைக் கல்லூரியில் 1878 முதல் 1892 வரை பாடம் சொல்லிக் கொடுத்தார். புதிதாக எழுதியது மட்டும் மிகச் சொற்பம்.

இன்றைக்குப் பியானோ கலைஞர்கள் இசைக் குறிப்புத் தாளைப் பார்க்காமல் வாசிக்கிறார்களே, அந்த வழக்கத்தை மேடையில் நிலைநாட்டியவர்களில் கிளாரா முக்கியமானவர். அந்தக் காலத்தில் அது அகம்பாவம் என்று ஏச்சு வாங்கியது.

சரி, அந்தக் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியைக் கேளுங்கள். இசைக்குழு ஓய்ந்துவிடும், பியானோவும் ஒற்றைச் செல்லோவும் (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) மட்டும் பேசிக்கொள்ளும். எழுதியவர் பதின்மூன்று வயதில் அந்தப் படைப்பைத் தொடங்கியவர். அப்போது அவர் பெயர் கிளாரா வீக்.