லினக்ஸை மறுபடி போட்டதும் டயல்-அப் மோடம் ஏன் தெரியவில்லை?

ஏற்காட்டில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் மோடம், அதாவது தொலைபேசி லைன் வழியே நெட்டை இணைக்கும் கருவி, கெட்டிருக்காது. உள்ளே செருகும் மலிவான கார்டுகள் பாதி மோடம்தான். மீதி வேலையை டிரைவர் என்ற மென்பொருள் வழியாக கம்ப்யூட்டரின் சிபியு செய்கிறது. அந்த டிரைவர் பழைய கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) போய்விட்டது.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்து மோடத்தின் சிப் பெயரைப் பாருங்கள். லூசென்ட் கம்பெனி சிப்புக்கு ஒரு டிரைவர், கோனெக்சன்ட் கம்பெனி சிப்புக்கு வேறு. அப்புறம், இப்போது ஓடும் கெர்னலின் அதே பதிப்புக்கான ஹெடர் கோப்புகளும் (டிரைவரை அந்தக் கெர்னலுக்கு ஏற்பத் தயாரிக்க உதவுபவை) வேண்டும். கொடுமை, இதையெல்லாம் இறக்கவே நெட் வேண்டும்! நான் சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து பார்த்தால், பதிப்பின் கடைசி எண் வேறு. மறுநாள் மறுபடி இறங்கினேன். கிளம்பும் முன் கெர்னல் எண்ணை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள்.

சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்துக்கு இந்தத் தலைவலியே இல்லை. தனி டிரைவர் தேவைப்படாது.