மகனின் பையில் நலோக்சோன் கிட்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகன் கல்லூரியில் ஏதோ பயிற்சிக்குப் போய் நலோக்சோன் கிட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். போதை மருந்து கூடிப்போனவர்களுக்குக் கொடுப்பதாம். இவனுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறுகிறது. வீட்டில் வைத்திருக்கலாமா?
- ஒரு தாய், ஸ்கார்பரோ

பதில்: தாராளமாக வைத்திருங்கள் அம்மா. நினைவு தப்பியவர் இதைத் தானே போட்டுக்கொள்ள முடியாது, பக்கத்தில் நிற்பவர்தான் போடவேண்டும், அதனால்தான் இந்தப் பயிற்சியை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஒன்ராறியோவில் 2016 முதல் பார்மசிகளிலேயே இலவசமாகத் தருகிறார்கள், டாக்டர் சீட்டும் வேண்டாம். உங்கள் பிள்ளைக்குப் பழக்கம் இருக்கிறதா என்பதை அவனிடமே நிதானமாகக் கேளுங்கள். அப்படியே இருந்தாலும் கிட் வீட்டில் இருப்பதுதான் நல்லது.

இன்னொன்று, நலோக்சோன் முறிப்பது ஓபியாய்ட் எனும் வகை மருந்துகளின் போதையைத்தான். சத்திரசிகிச்சைக்கோ புற்றுநோய் வலிக்கோ பெரியவர்களுக்குக் கொடுக்கும் மோர்ஃபின், ஆக்சிகோடோன் எல்லாம் அந்த ஓபியாய்ட் வகைதான். அளவு தவறினால், தெருவில் போதைக்கு விற்கும் ஓபியாய்டான ஃபெண்டனில் மாதிரியே மூச்சை அடக்கிவிடும்.

அளவு கூடிவிட்டது எப்படித் தெரியும்? தட்டி எழுப்பினாலும் எழும்ப மாட்டார், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், குறட்டை போல ஒரு கரகரப்பு வரும். உதடு நீலமாகும் என்பார்கள், ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதனால் உதட்டோடு நகத்தையும் பாருங்கள். உடனே 911. தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, கிட்டில் இருக்கும் மூக்கு ஸ்பிரேயின் முனையை மூக்குக்குள் முழுதாக விட்டு அழுத்துங்கள். வேலை செய்கிறதா என்று முதலில் வெளியே அடித்துப் பார்க்கக் கூடாது, ஒன்றில் ஒரு தடவைக்குத்தான் மருந்து உண்டு. மூச்சு சரியாக இல்லையென்றால் பயிற்சியில் காட்டியபடி மூச்சுக் கொடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லையா, மற்ற மூக்கில் இரண்டாவதை அடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, மோர் பருக்குவது எல்லாம் வேண்டாம், புரையேறிவிடும்.

கண் விழித்தாலும் அம்புலன்ஸ் வரும்வரை தனியே விடாதீர்கள். இந்த மருந்து 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், அப்புறம் மூச்சு மறுபடி அடங்கலாம். உடம்பில் ஓபியாய்ட் இல்லாதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் கெடுதி இல்லை. பொலிஸுக்குப் பயந்து 911 அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்: 2017இல் கனடா கொண்டுவந்த சட்டப்படி, அழைத்தவர் மீதும் மயங்கியவர் மீதும் போதைப்பொருளை வெறுமனே வைத்திருந்ததற்காக வழக்குப் போட முடியாது, விற்றது போன்ற மற்றக் குற்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்றிரவே மகனிடம் கிட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் காருக்குள் விட வேண்டாம், உறைந்துவிடும்.